பெரியப்பாவின் ஜீப்பும் அரை மில்லிமீட்டர் இடைவெளியும்

எண்பது வயதைத் தாண்டிய ஒரு ராணுவ ஜீப், 81 வயது பெரியப்பா, 16 வயது பேத்தி. மூவரையும் ஒரு விடுமுறை முழுக்கக் கட்டிப்போட்டது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்!

"பொங்கல் முடிஞ்சதும் லாரியோட வர்றேன். கொட்டாய்ல கிடக்கிறதை அப்படியே தூக்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த வியாபாரி. அவர் 'கிடக்கிறது' என்று சொன்னது பெரியப்பாவின் ஜீப்பை.

வேலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்துக்குப் போனவர்கள் இருப்பார்கள். பெரியப்பா, சீனப் போர் முடிந்த கையோடு 1963-ல் ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் சேர்ந்தவர். வண்டிகளையும் ஆயுதங்களையும் கருவிகளையும் பழுது பார்ப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. 22 வருடம் ஸ்பானரும் கையுமாக இருந்துவிட்டு, ஹவில்தாராக ஊர் திரும்பினார். வந்த மறு வருடம், குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த 1944 மாடல் ஜீப்பைக் கையிலிருந்த பணத்தைக் கொடுத்து வாங்கிவந்தார். பெரியம்மா மூன்று நாள் அவரிடம் பேசவில்லை.

அந்த ஜீப்பில்தான் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வாழைத்தார் வந்தது. எனக்கு அம்மை போட்டபோது வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். கடந்த 12 வருடமாக அது நகரவில்லை. பெங்களூரில் இருக்கும் அண்ணன், "அப்பாவுக்கும் முடியலை, இடத்தை அடைச்சுக்கிட்டு ஏன் நிக்கணும்?" என்று ஒரு வியாபாரியைப் பேசி முடித்துவிட்டார். பழைய பெட்ரோல் இன்ஜினை எடைக்குப் போட்டுவிட்டு, டீசல் இன்ஜின் இறக்கி, பெரிய டயர் மாட்டி விற்பதுதான் வியாபாரியின் திட்டம். நம் ஊரில் பல பழைய ஜீப்புகளுக்கு நடந்தது இதுதான்.

வண்டியைப் பார்க்க அவருடன் வந்த மெக்கானிக் பானட்டைத் திறந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். "டிஸ்ட்ரிபியூட்டர் போச்சு சார். இதையெல்லாம் இப்ப யார் பார்க்கிறா?" என்று மூடிவிட்டார்.

பெரியப்பா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் கேட்டார். "போச்சுன்னு சொன்னானே... என்ன போச்சுன்னு சொன்னானா?"

எங்களிடம் பதில் இல்லை. அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி மட்டும், "நாம பார்த்துடலாமா தாத்தா?" என்றாள். பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். பெரியப்பாவுக்குக் கை நடுக்கம். ஒரு கண்ணில் பார்வை மங்கல். "கண்ணும் கையும் உன்னுது. வாய் மட்டும் என்னுது. சரியா?" என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது.

டிஸ்ட்ரிபியூட்டர் என்னதான் செய்கிறது?

இன்றைய கார்களில் இந்தப் பொருளே கிடையாது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பெட்ரோல் இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்க ஒரு தீப்பொறி வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் முனையில் அந்தப் பொறி தாவ, ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. ஜீப்பின் பேட்டரியோ வெறும் 6 வோல்ட். எப்படிச் சமாளிப்பது? காயில் என்ற சுருளுக்குள் பேட்டரி மின்சாரத்தை ஓடவிட்டு, சட்டென்று துண்டித்தால், அந்த நொடியில் காயிலின் இன்னொரு சுருளில் 15,000, 20,000 வோல்ட் வரை பிறக்கும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி கேடிலாக் கார்களுக்காக உருவாக்கிய ஏற்பாடு இது. பல பத்தாண்டுகளுக்கு உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதை வைத்துத்தான் ஓடின.

அந்தச் 'சட்டென்று துண்டிக்கும்' வேலையைச் செய்வதுதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட். மெக்கானிக்குகள் சி.பி. பாயின்ட் என்றும் பிளாட்டினம் என்றும் சொல்வார்கள். பொட்டு அளவில் இரண்டு உலோக முனைகள். நடுவில் சுழலும் தண்டில் நாலு மேடு. ஒவ்வொரு மேடும் வந்து தட்டும்போது முனைகள் திறக்கும். மின்சாரம் அறும். பொறி பிறக்கும். பிறந்த மின்சாரத்தை எந்த சிலிண்டருக்கு அனுப்புவது என்பதை மேலே சுழலும் ரோட்டர் பார்த்துக்கொள்கிறது. பந்தியில் இலை பார்த்துப் பரிமாறுவதுபோல, ஜீப்பில் 1, 3, 4, 2 என்ற வரிசையில் கொடுத்துக்கொண்டே போகும்.

இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், இந்தப் பாயின்ட் 4,000 தடவை திறந்து மூட வேண்டும். அத்தனை வேலைக்கும் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு. நம் கணக்கில் அரை மில்லிமீட்டர்.

போருக்குப் பிறந்த வண்டி

இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல் அமெரிக்க ராணுவம் லேசான, நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு வண்டியைக் கேட்டது. முதல் மாதிரி வண்டியைச் செய்து ஒப்படைக்கக் கொடுத்த அவகாசம் வெறும் 49 நாள்! பேன்டம் என்ற சின்ன நிறுவனம் அதைச் செய்து காட்டியது. பிறகு வில்லிஸ் நிறுவனத்தின் இன்ஜின் ராணுவத்துக்குப் பிடித்துப்போனது. 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஃபோர்டு செய்த ஜீப்புகளில் போல்ட் தலையில்கூட 'எஃப்' என்ற எழுத்து இருக்கும். பெரியப்பாவின் ஜீப்பில் அப்படிச் சில போல்ட்டுகளைப் பேத்தி கண்டுபிடித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

அசாம், மணிப்பூர், பர்மா என்று ஜப்பானியர்களுக்கு எதிரான போர்முனையிலும் ஜீப்புகள் ஓடின. போர் முடிந்ததும் மிஞ்சியவை ஏலத்துக்கு வந்தன. எஸ்டேட்டுகள், காட்டுப் பங்களாக்கள் என்று மேடுபள்ளம் உள்ள இடங்களுக்கெல்லாம் அவை போய்ச் சேர்ந்தன. 1940-களின் கடைசியில் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த இன்ஜினின் வம்சம் நம் நாட்டில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 80 வருட ஜீப்புக்கு இன்றைக்கும் பாயின்ட்டும் ரோட்டரும் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

ராணுவ வண்டிகளுக்கு இந்தப் பொறியால் இன்னொரு தலைவலியும் இருந்தது. ஒவ்வொரு பொறியும் ரேடியோவில் 'கரகர' என்று ஒலிக்கும். கம்பியில்லாத் தகவல் வரும் நேரத்தில் பக்கத்தில் ஜீப் நின்றால் போச்சு. அதனால் பிளக் ஒயர்களிலும் மற்ற இடங்களிலும் இரைச்சலைத் தடுக்கும் பாகங்களைப் பொருத்தினார்கள். அப்படிப் பொருத்திய அமெரிக்க ஜீப்புகளின் பானட் எண்ணுக்குப் பின்னால் 'எஸ்' என்று எழுதியிருக்கும். 1950-ல் வந்த அடுத்த ராணுவ ஜீப்பான எம்-38-ல் 24 வோல்ட்டுக்கு மாறி, டிஸ்ட்ரிபியூட்டரையும் காயிலையும் தண்ணீர் புகாத ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். ஆற்றில் இறங்கினாலும் நிற்கக் கூடாது என்பதற்காக.

பெரியப்பாவின் ஜீப் அதற்கு முந்தையது. மழையில் நனைந்தாலே முறைத்துக்கொண்டு நிற்கும் ரகம்.

"முதல்ல கேளு, அப்புறம் கழட்டு!"

12 வருடம் நின்ற வண்டி. பழைய பெட்ரோலை வடித்து, டேங்க்கைக் கழுவி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்த்ததில் நாலு நாள் போயிற்று. புது 6 வோல்ட் பேட்டரி வாங்கினோம். இன்ஜின் சுற்றியது. பொறி மட்டும் வரவில்லை.

பேத்தி உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பெரியப்பா தடுத்துவிட்டார். "முதல்ல அதைக் கேளு. அப்புறம் கழட்டு."

கேட்பதற்கு அவர் கொடுத்த கருவி, இரண்டு ஒயர் மாட்டிய ஒரு 6 வோல்ட் பல்பு. இக்னிஷனைப் போட்டு, ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காயிலுக்கு மின்சாரம் வரும் இடத்திலும் வைத்தாள். எரிந்தது. அதுவரைக்கும் சரி. அடுத்து, பாயின்ட்டுக்கு நடுவே ஓர் அட்டையைச் செருகி, திறந்த நிலையில் வைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையில் வைத்தாள். எரிய வேண்டும். எரியவில்லை. அந்த முனையில் மாட்டியிருந்த ஒயரைக் கழற்றி, ஒயரில் மட்டும் வைத்தாள். லேசாக எரிந்தது!

"காயில்லேர்ந்து கரன்ட் வருது. உள்ள போனதும் காணாமப் போகுது" என்றாள்.

"அப்போ?"

"உள்ள எங்கேயோ பாடியைத் தொடுது தாத்தா."

பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். மெக்கானிக் இரண்டு நிமிடத்தில் 'போச்சு' என்று சொன்னதற்கு, இவள் பத்து நிமிடத்தில் என்ன போச்சு என்று சொல்லிவிட்டாள்.

முறுக்குத் தட்டில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எந்த ஒயர் எங்கே போகிறது, ரோட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று மொபைலில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகுதான் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்தாள். அதன் அடித்தண்டில் நாக்குபோல ஒரு பகுதி இருக்கிறது. இன்ஜினின் ஆயில் பம்ப் தண்டில் உள்ள காடியில் அது போய் உட்காரும். நட்ட நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியிருப்பதால், ஒரே ஒரு விதத்தில்தான் பொருந்தும். "ராத்திரியில, மழையில, சண்டைக்கு நடுவுல மாட்டுறவன் தப்பா மாட்டிடக் கூடாதில்ல!" என்றார் பெரியப்பா.

பெரியம்மாவின் முறுக்குத் தட்டு பட்டறை மேசை ஆயிற்று. கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக அதில் அடுக்கினாள். நோய்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

முதலில், அந்தக் காணாமல் போன மின்சாரம். ஒயர் மாட்டும் திருகு, டிஸ்ட்ரிபியூட்டரின் இரும்புக் கூட்டைத் துளைத்து உள்ளே போகிறது. அது கூட்டைத் தொடாமல் இருக்க ஃபைபர் வாஷர் போட்டிருப்பார்கள். அது பொடிப்பொடியாகிக் கிடந்தது. திருகு சாய்ந்து கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்! ஒரு நகத்தின் அளவுகூட இல்லாத அந்த வாஷருக்காகத்தான் இன்ஜினே எடைக்குப் போக இருந்தது. ஃபைபர் தகட்டில் புதிதாக வெட்டிப் போட்டோம். உள்ளே நைந்துபோயிருந்த குட்டி ஒயரையும் மாற்றினோம்.

அடுத்தது, வேகத்துக்கு ஏற்பப் பொறியை முன்கூட்டித் தரும் ஏற்பாடு. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது பொறியும் கொஞ்சம் முந்திக்கொண்டு வர வேண்டும். அதற்காகப் பாயின்ட் தட்டுக்குக் கீழே இரண்டு எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. குடைராட்டினம் சுற்றும்போது தொட்டில்கள் வெளியே விரிவதுபோல இந்த எடைகள் விரியும். எங்களுடையவை துருவில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் இரண்டு நாள் தேய்த்தாள். எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்தாள்.

மூன்றாவதுதான் பெரிய நோய். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னார் பெரியப்பா. 'டக் டக்' என்று ஆடியது. தண்டு சுழலும் புஷ் தேய்ந்துவிட்டிருந்தது. "பாயின்ட்டுக்கு இருக்கிறதே அரை மில்லி. அதுல தண்டு ஆடி ஆடியே பாதியைத் தின்னுட்டா, எவ்வளவு சரியா கேப் வெச்சாலும் ஒரு சிலிண்டருக்கு ஒண்ணு, அடுத்ததுக்கு வேறன்னு ஆகிடும்" என்றார். தேய்ந்த புஷ்ஷை விட்டுவிட்டுப் புதுப் பாயின்ட் மாத்திரம் போட்டால், பத்து நாளில் பழைய கதைதான்.

ஊரில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனோம். இப்போதெல்லாம் மோட்டார் பம்ப் வேலைதான் அங்கே அதிகம். கடைக்காரர் தண்டை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து உருட்டிப் பார்த்தார். "தண்டு நல்லாருக்கு. புஷ் மட்டும் போதும்" என்றார். வெண்கலப் புஷ்ஷை இன்ஜின் ஆயிலில் ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் அழுத்திப் பொருத்தி, துளையைத் தண்டுக்குச் சரியாகத் துருவிக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தால் தண்டு விரலால் சுண்டினால் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. பக்கவாட்டில் ஆட்டம் இல்லை.

மேல்மூடியை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, உட்பக்கம் பென்சிலால் கிறுக்கியதுபோல ஒரு மெல்லிய கோடு. அழிக்கப் பார்த்தாள், அழியவில்லை. உயர் மின்சாரம் குறுக்கு வழியில் ஓடி ஓடிப் போட்ட கரித் தடம் அது. ஒருமுறை தடம் விழுந்துவிட்டால் மின்சாரம் அந்த வழியை விடாது. ஆகவே மூடியை மாற்றித்தான் ஆக வேண்டும். சென்னையில் வேலையாகப் போனபோது, புதுப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கி, பழைய மஹிந்திரா ஜீப்புக்கான மூடி, ரோட்டர், பாயின்ட், கண்டென்சர் எல்லாம் வாங்கிவந்தேன். அச்சாகப் பொருந்தின.

கல்யாணப் பத்திரிகையை உருவுவதுபோல

இனி அந்த அரை மில்லிமீட்டர்.

புதுப் பாயின்ட்டில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதை அட்டையால் துடைத்தெடுத்துவிட்டு மாட்டினாள். தண்டின் மேடு சரியாக உச்சியில் தொடும்படி சுற்றி நிறுத்தினாள். ஃபீலர் கேஜில் 20 என்று எழுதிய தகட்டைப் பாயின்ட்டுக்கு நடுவே செருகினாள்.

இடைவெளி குறைவாக இருந்தால் பாயின்ட் சீக்கிரம் கருகும், பொறி தாமதமாக வரும். அதிகமாக இருந்தால் காயிலில் மின்சாரம் நிறைய நேரம் போதாமல், வேகமெடுக்கும்போது இன்ஜின் இடறும். அந்தக் காலத்தில் அவசரத்துக்கு விசிட்டிங் கார்டை வைத்து கேப் பார்ப்பவர்கள் உண்டு. கார்டின் தடிமன் 0.3, 0.4 மில்லிமீட்டர்தான் இருக்கும். வீடு வந்து சேர உதவும், அவ்வளவே.

"எவ்வளவு டைட்டா இருக்கணும் தாத்தா?"

பெரியப்பா யோசித்தார். "கவர்லேர்ந்து கல்யாணப் பத்திரிகையை உருவுற மாதிரி இருக்கணும். பிடிச்சு இழுக்கவும் கூடாது, தானா விழவும் கூடாது."

அவள் திருகை இறுக்கினால் இடைவெளி மாறிவிடுகிறது. மறுபடி தளர்த்துகிறாள். ஐந்தாறு தடவை ஆயிற்று. பொறுமை போய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியப்பா தன் நடுங்கும் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். தகட்டை அவள் இழுக்க, அந்த இழுவையை அவள் கை வழியாகவே அவர் உணர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... ம், போதும். இப்ப இறுக்கு."

கண்ணால் பார்க்காமல், தன் விரலாலும் தொடாமல் அவர் சொன்ன இடத்தில் நிறுத்தி, தகட்டை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. 22 வருடம் செய்த வேலை கையை விட்டுப் போகவில்லை. நடுங்கும் கையிலும் அது இருந்தது.

பிறகு டைமிங். இந்த ஜீப்பில் அதற்கான குறி ஃப்ளைவீலில் இருக்கிறது. கூட்டில் உள்ள சின்னத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நான் ஹேண்டிலைப் போட்டு மெல்லச் சுற்ற, முதல் சிலிண்டர் அமுக்கத்துக்கு வரும் நேரத்தில் குறி துளைக்கு நேரே வந்ததும், "நிறுத்து சித்தப்பா!" என்றாள். மறுபடியும் அதே பல்பு. டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். பாயின்ட் திறக்கும் அந்த நொடியில் பல்பு எரிந்தது. அங்கேயே இறுக்கிவிட்டாள்.

பத்து நிமிடச் சந்தோஷம்

போகிக்கு மூன்று நாள் முன்பு. சாயங்காலம். தெருப் பிள்ளைகள் எல்லாம் கொட்டாய் வாசலில். பெரியப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை மிதித்தார். இரண்டாவது மிதியிலேயே பிடித்துக்கொண்டது! பிள்ளைகள் கத்திய கத்தலில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "புகை" என்றார்.

பத்து நிமிடம் அழகாக ஓடியது. அப்புறம் இடறியது. இருமியது. நின்றுவிட்டது. மறுபடி மிதித்தால் அசையவில்லை. பெங்களூரிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "சரிப்பா, விடுங்க. ஓடினதே போதும்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரியப்பா மட்டும், "சூடானதும் நின்னுச்சா? என்னென்ன புதுசா போட்ட, சொல்லு" என்றார்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கண்டென்சர் என்றதும் நிறுத்தினார். பாயின்ட் திறக்கும்போது அதன் முனைகளுக்கு நடுவே பொறி தாவாமல், அந்த மின்சாரத்தை உள்வாங்கிக்கொள்வது கண்டென்சர். அது சரியில்லையென்றால் பாயின்ட்டும் கருகும், பிளக்குக்குப் போகும் பொறியும் செத்துப்போகும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, சூடானதும் கைவிடும் கண்டென்சர்களும் உண்டு. மூடியைத் திறந்து, இருட்டில் சுற்றிப் பார்த்தோம். பாயின்ட்டில் நீலப் பொறி பளிச் பளிச்சென்று அடித்தது.

"புதுசுன்னா நல்லதுன்னு யார் சொன்னது? பழசைப் போடு" என்றார்.

பழையது? அதை நான் குப்பையில் போட்டிருந்தேன். எல்லோரும் என்னை முறைத்தார்கள். பெரியம்மா எழுந்து உள்ளே போனார். பட்டன், ஊக்கு, ஊசி நூல் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அந்தக் கண்டென்சரை எடுத்து வந்து நீட்டினார். "இவர் சாமானை எதையும் தூக்கிப் போடக் கூடாதுன்னு எனக்கு நாப்பது வருஷமா தெரியும்."

அன்றைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது ஜீப்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருக்கிறதா?

அம்பாசடர், பத்மினி, பழைய ஜீப் எதுவானாலும் பாயின்ட் உள்ள வண்டிகளுக்கு இவை பொருந்தும்.

1. கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். ஒயர்களைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

2. இன்ஜின் ஓடாதபோது இக்னிஷனைப் போட்டபடி விட்டுவிட வேண்டாம். பாயின்ட் மூடியிருந்தால் காயில் சூடாகிக் கெட்டுவிடும்.

3. பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அதன் துகள் முனையில் பதிந்து மின்சாரத்தைத் தடுக்கும். அதற்கென உள்ள மெல்லிய அரம் போதும்.

4. முதலில் கேப், பிறகு டைமிங். கேப் மாறினால் டைமிங்கும் மாறும்.

5. தண்டின் மேட்டில் துளி கிரீஸ் போதும். அதிகமானால் தெறித்துப் பாயின்ட்டில் விழும்.

6. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். வண்டி நாலு வாரம் ஓடும்வரை பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

7. ஹேண்டில் போடும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் திருப்பி அடித்தால் கட்டைவிரல் முறியும்.

8. பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் பொருத்தலாமா? தாராளமாக. அடிக்கடி கேப் பார்க்கும் வேலை மிச்சம். ஆனால் நடுவழியில் அது கைவிட்டால் மாற்றத்தான் முடியும், சரிசெய்ய முடியாது. பழைய பாயின்ட் தட்டை வண்டியிலேயே வைத்திருங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். 50 வருடத்துக்கு மேற்பட்ட சொந்த உபயோக வண்டிகளை 'வின்டேஜ்' வண்டியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட் கிடைக்கும். கண்காட்சி, வின்டேஜ் பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குச் சாலையில் எடுக்கலாம். தினசரி உபயோகத்துக்கு அல்ல. ஒரு நிபந்தனை உண்டு. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி கிடையாது. டீசல் இன்ஜின் இறங்கியிருந்தால், பெரியப்பாவின் ஜீப் அந்த வாய்ப்பை ஒரே நாளில் இழந்திருக்கும்.

மாட்டுப் பொங்கலன்று...

காலையில் ஜீப்பைக் கழுவி, பானட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, மாட்டுக்குக் கட்டிய அதே மாலையில் ஒன்றை அதற்கும் போட்டார் பெரியம்மா. அண்ணன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். வியாபாரிக்கு அவரே போன் போட்டு, வாங்கிய அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். "என்ன சார், வேற யாராவது அதிக ரேட் கேட்டாங்களா?" என்று அவர் கேட்டது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இல்லைங்க. வண்டி ஓடுது" என்றார் அண்ணன்.

ஏரிக்கரை வரை ஒரு சுற்று. பெரியப்பா ஓட்டவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டபடியே வந்தார். அண்ணன் ஓட்டினார். லைசென்ஸ் எடுக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிற கோபத்தில் பின்சீட்டில் பேத்தி. திரும்பி வந்து கொட்டாயில் நிறுத்தியதும் பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

"மூணாவது சிலிண்டர் லேசா இடறுது. பிளக்கைப் பாரு" என்றார்.

அவள் ஏற்கெனவே பானட்டைத் திறந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த ஃபீலர் கேஜ் அவள் கையில் இருந்தது.